யாரும் கேட்காத படம்

திருநின்றவூரில் எனக்கு ஒரு நண்பர். ஓவியர். அம்பத்தூரில் ஒரு விளம்பர கம்பெனியில் வேலை. மாவு பாக்கெட்டுக்குச் சிரிக்கும் அம்மா, சீட்டு கம்பெனி நோட்டீஸுக்குச் சிரிக்கும் குடும்பம்... கேட்டதை வரைந்து கொடுப்பார்.

ஆனால், பையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். ஐந்து வருஷமாக, மின்சார ரயிலில் தூங்குகிறவர்களை அதில் வரைகிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மையில் முடிக்கிறார். யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரவில்லை.

‘‘அந்த நேரத்துல ரெண்டு ஆர்டர் பிடிச்சா பொண்ணுக்கு ஃபீஸ் கட்டிடலாம். இதை நிறுத்திடலாமா சார்?’’ என்றார்.

நான் பி.காம். ‘நிறுத்துங்க’ என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லவிடாமல் தடுத்தது அவர் ஊர்தான்.

அது பூசலார் ஊர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனசுக்குள்ளேயே கட்டினார். கவனியுங்கள்... மனசுக்குள்தானே என்று அவர் அவசரப்படவில்லை. நாள் பார்த்தார். அஸ்திவாரம் போட்டார். சுதை பூசினார். கிணறும் குளமும் வெட்டினார். காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கற்கோயிலின் கும்பாபிஷேகத்தை வேறு நாளுக்குத் தள்ளச் சொல்லிவிட்டு, சிவன் இங்கே வந்தார் என்கிறது பெரியபுராணம். இருதயாலீஸ்வரர் கோயில் இன்றும் அங்கே இருக்கிறது.

ஆர்டர் படத்தில் ‘போதும்’ என்று சொல்ல ஒருவர் இருக்கிறார். சொந்த நோட்டில் அதை நாம்தான் சொல்ல வேண்டும். அங்கே யாரை ஏமாற்ற முடியும்?

ஓவியர் ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு ஜூனியர் விகடனில் அவர் போட்ட கோடுகளை மறக்க முடியுமா? அந்தக் கோட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. காந்தி நூற்றாண்டான 1969-லேயே, காந்தியைத் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்த கை அது.

கணக்கில் ‘மூலதனச் செலவு’ என்று ஒன்று உண்டு. மெஷின் வாங்கிய காசு முழுவதையும் இந்த வருஷ லாபத்தில் கழிக்க மாட்டார்கள். நண்பரின் நோட்டும் அப்படித்தான். சிரிக்கும் அம்மாவை இன்று கம்ப்யூட்டரே சில விநாடிகளில் போட்டுவிடுகிறது. எதை வரைவது என்று தானே தீர்மானிக்கிற கண்தான் இனி அவருடைய முதல்.

லாபத்துக்கு உத்தரவாதம் கிடையாது. எல்லோர் வீட்டு வாசலுக்கும் ராஜா வர மாட்டார். ஃபீஸும் கட்டித்தான் ஆகவேண்டும்.

‘‘ஞாயிற்றுக்கிழமையை ஆர்டருக்குக் கொடுங்க. ரயில் நேரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீங்க’’ என்றேன்.

உங்களிடமும் இப்படி ஒரு நோட்டு இருந்திருக்குமே... எங்கே வைத்தீர்கள்?