ஓட்டையை அறிந்தவரின் மௌனம்

திறமூல இயங்குதளம் ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்தவர், அதைச் சில நாள் வெளியில் சொல்லாமல் வைத்திருப்பது அறமா? பொய் உயிரையே காக்குமானாலும் சொல்லலாகாது என்று 1797இல் வாதிட்டார் இம்மானுவேல் கான்ட். வள்ளுவரோ பிறருக்குத் தீங்கு விளைவிக்காத பேச்சே வாய்மை என்றார். ஓட்டையை அறிந்தவர் பொய் சொல்வதில்லை, வாய் திறக்காமல் இருக்கிறார். ஆகவே அந்த மௌனத்தை எடைபோட வள்ளுவரின் அளவுகோலே பொருத்தமானது: அதனால் யாருக்குத் தீங்கு, எத்தனை நாளைக்கு?

லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்தை உருவாக்கும் டெபியன் திட்டம் 1997இல் ஏற்ற சமூக ஒப்பந்தம், குறைகளை மறைக்க மாட்டோம் என்று பயனர்களுக்கு வாக்களிக்கிறது. அதே டெபியனின் பாதுகாப்புக் குழு, பிற லினக்ஸ் குழுக்களோடு ஒரு மூடிய வட்டத்தில் ஓட்டைகளை முன்கூட்டியே அறிந்து, பேட்ச் எனப்படும் திருத்தம் தயாராகும்வரை வெளியிடாமல் காக்கிறது. அந்த வட்டம் தனக்கு விதித்துக்கொண்ட உச்சவரம்பு 14 நாள். வாக்கை மீறாமல் இதைச் செய்ய முடிவதற்குக் காரணம் அந்த வரம்புதான். வரம்பு இல்லாவிட்டால் அது வெறும் மறைப்பு.

திறமூலத்தில் ரகசியம் நீண்ட நாள் தங்குவதும் இல்லை. திருத்தமே அறிவிப்பாகிவிடுகிறது, மூலநிரலில் எந்த வரி மாறியது என்று பார்ப்பவருக்கு ஓட்டை எங்கே இருந்தது என்பது புரிந்துவிடும். கணினிச் செயலிகளில் இருந்த மெல்ட்டவுன் என்னும் குறைபாட்டை 2018 ஜனவரி 9 அன்று வெளியிடத் திட்டமிட்டிருந்தார்கள். லினக்ஸின் மையக்கருவான கெர்னலில் நடந்த பெரிய மாற்றங்களைக் கண்டவர்கள் காரணத்தை ஊகிக்கத் தொடங்கியதால் ஜனவரி 3 அன்றே சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தச் சிக்கலின் கூர்மையான வடிவம் 2017இல் வந்தது. வைஃபை இணைப்பைக் காக்கும் டபிள்யூபிஏ2 முறையில் கிராக் எனப்படும் குறைபாட்டைக் கண்ட மேத்தி வான்ஹூஃப், ஜூலையில் ஓபன்பிஎஸ்டி என்னும் திறமூல இயங்குதளத்தின் குழுவுக்குத் தெரிவித்தார். பிறகு வெளியீட்டு நாள் அக்டோபர் 16க்குத் தள்ளிப்போனது. அதுவரை பயனர்களை ஆபத்தில் விட விரும்பாத ஓபன்பிஎஸ்டி, திருத்தத்தை முன்னதாகவே சேர்க்க அனுமதி கேட்டது. வான்ஹூஃப் அரைமனதோடு சம்மதித்தார். ஆகஸ்ட் இறுதியிலேயே விளக்கம் ஏதுமின்றித் திருத்தம் சேர்ந்தது. இனி அவர்களுக்குக் கடைசி நேரத்தில்தான் சொல்வேன் என்று அவர் பின்னர் அறிவித்தார். ஓபன்பிஎஸ்டி தன் பயனர்களுக்குச் செய்த கடமை, பேட்ச் இன்னும் கிடைக்காத கோடிக்கணக்கானோருக்கு ஆபத்தாகியிருக்கலாம். ஆனாலும் கேட்டு, சம்மதம் பெற்றுச் செய்தவர்கள்மீது பழி போடுவதில் நியாயமில்லை. மாதக்கணக்கில் நீண்ட மௌனமே கேள்விக்குரியது. அதன் விலையைச் சுமந்த பயனர்களை யாரும் கேட்கவே இல்லை.

தீயவருக்கு இன்னும் தெரியாது என்ற நம்பிக்கைதான் மௌனத்துக்குள்ள ஒரே நியாயம். அது இல்லாத நிலையை 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் காட்டியது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், காரணத்தைத் தோண்டிப் போய், எக்ஸ்இசட் என்னும் தரவுச் சுருக்க மென்பொருளில் யாரோ திட்டமிட்டு வைத்த பின்கதவைக் கண்டார். டெபியனுக்கும் பிற குழுக்களுக்கும் தனியே தெரிவித்துவிட்டு, மார்ச் 29 அன்று எல்லோருக்கும் அறிவித்தார். பின்கதவு வைத்தவனுக்கு எல்லாமே தெரியும். அங்கே காத்திருப்பதால் அறியாமையில் இருந்திருக்கப்போவது பாதிக்கப்படுபவர்கள் மட்டுமே. ஃபிராய்ண்ட் உடனே சொன்னது சரியான முடிவு. பெரும்பாலான லினக்ஸ் குழுக்களின் நிலையான பதிப்புகளுக்குள் அந்தப் பின்கதவு நுழையுமுன்பே அது அகற்றப்பட்டது.