சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு

போன மாதம் ரத்தப் பரிசோதனைக்காக ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கொடுத்த ரசீதில் பெயர் சரி, வயது சரி. பாலினம் மட்டும் 'பெண்'! கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் காட்டினேன். அவர் என் மீசையைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். ''சிஸ்டத்துல அப்படித்தான் சார் இருக்கு. மாத்தணும்னா சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வேணும். அவர் சாப்பிடப் போயிருக்கார்'' என்றார். சிரித்துவிட்டு, ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதே சங்கதி சிரிக்க முடியாத இடத்துக்குப் போன கதை ஒன்று உண்டு. 2013 ஜூலை, அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை. அந்தப் பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்க்கும் டாக்டர் ராபர்ட் வாக்டர், 2015-ல் வந்த 'தி டிஜிட்டல் டாக்டர்' என்ற புத்தகத்தில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். (சொந்த இடத்தின் தப்பை அச்சில் போட எத்தனை பேருக்கு மனசு வரும்?)

பதினாறு வயசுப் பையன். அபூர்வமான பரம்பரை வியாதி. வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் ஆன்ட்டிபயாடிக் ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை. அதையே ஆஸ்பத்திரியிலும் எழுத வேண்டும், அவ்வளவுதான். பையனின் எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடைக்குத் தக்கபடி கணக்குப் போட வேண்டும் என்று விதி. போட்டால் 193 மில்லிகிராம் வந்தது. மாத்திரையோ 160. வித்தியாசம் 5 சதவிகிதத்தைத் தாண்டினால் டாக்டர் திரும்ப எழுத வேண்டும் என்று இன்னொரு விதி. மருந்தாளர் விதிப்படி செய்தி அனுப்பினார். டாக்டர் 160 என்று தட்டினார். பக்கத்துக் கட்டத்தில் 'மில்லிகிராம்' என்று இல்லாமல் 'கிலோவுக்கு மில்லிகிராம்' என்று இருந்தது. கவனிக்கவில்லை. கம்ப்யூட்டர் பெருக்கிப் பார்த்து, முப்பத்தெட்டரை மாத்திரை என்றது.

எச்சரிக்கவும் செய்தது. டாக்டர் அதைத் தள்ளிவிட்டார், மருந்தாளரும்தான். என்ன அலட்சியம் என்று திட்டுவதற்கு முன்னால் ஒன்று: அங்கே மாதத்துக்குச் சுமார் மூன்றரை லட்சம் மருந்து உத்தரவுகள். ஏறக்குறைய பாதிக்கு மருந்தாளரின் திரையில் எச்சரிக்கை வரும். துளி கூடினாலும் அதே மாதிரிதான், 39 மடங்கு கூடினாலும் அதே மாதிரிதான். தெரு நாய் தினம் ராத்திரி பூராவும் குரைத்தால், திருடன் வந்த அன்றைக்கு யார் எழுந்திருப்பார்கள்?

ரோபோ ஒன்று மாத்திரைகளை எண்ணி அனுப்பியது. அது எண்ணியதில் தப்பே இல்லை.

கடைசியில் நர்ஸ். அன்றைக்கு மட்டும் வேறு வார்டிலிருந்து வந்த இளம்பெண். இத்தனையா என்று அவருக்கு உறைத்தது. ஆனால், ஆராய்ச்சி நடக்கும் இடம். விநோதமான மருந்தெல்லாம் அங்கே சகஜம். டாக்டரும் மருந்தாளரும் பார்த்தாகிவிட்டது. பொறுப்பு நர்ஸோ வேறு வேலையில். புது இடத்தில் அசட்டுத்தனமாக எதையாவது கேட்டுவைப்பானேன்? பார்கோடை ஸ்கேன் செய்தார். சரி என்றது. எழுதியபடி இருக்கிறதா என்றுதான் பார்கோடுக்குத் தெரியும். எழுதியதே சரியா என்று தெரியாது. பையன் அத்தனையையும் விழுங்கினான். சில மணி நேரத்தில் உடம்பு மரத்துப்போகிறது என்றான். பிறகு வலிப்பு. மூச்சு நின்றது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டான்.

சொல்லுங்கள், யார் மேல் தப்பு? 'கடைசியில் கொடுத்த கை யாருடையதோ அவர்மேல்' என்று சிலர் சொல்வீர்கள். எனக்கு அப்படி முடிக்கத் தோன்றவில்லை. அவரை முழுசாக விட்டுவிடவும் மனசு வரவில்லை. சந்தேகம் வந்ததே, அதை வாய்விட்டுக் கேட்பது கடமை இல்லையா? கடமைதான். ஆனால் கேட்பவரை அசடாக்கும் இடத்தில் அந்தக் கடமையைச் செய்ய நிறையத் துணிச்சல் வேண்டியிருக்கிறது. டொயோட்டா தொழிற்சாலைகளில் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுக்கலாம் என்று வைத்தார்கள். தேவைப்பட்டால் மொத்த வரிசையும் நின்றுவிடும். ஆஸ்பத்திரிகளில் அப்படி ஒரு கயிறு வேண்டும் என்பது வாக்டரின் கட்சி. நம் ஊரில் ஒரு நர்ஸ் பெரிய டாக்டரிடம் ''சார், இது சரிதானா?'' என்று கேட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

டாக்டரின் கோழிக்கிறுக்கல் உயிர்களைக் குடித்தது உண்மை. கம்ப்யூட்டர் அதை ஒழித்ததும் உண்மை. நான் பழைய சீட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் எழுத்துப் புரியாதபோது மருந்துக்கடைக்காரர் போன் போட்டுக் கேட்டே ஆக வேண்டியிருந்தது. இப்போது எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கேட்க ஒன்றுமில்லை.

கவுன்ட்டர் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் பாஸ்வேர்டு இல்லை. சூப்பர்வைசர் வரும்வரை உட்கார்ந்திருக்க எனக்கு நேரம் இருந்தது. சிரித்துவிட்டு வந்தது நான்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் 12.4. ஆணுக்கு 13-க்குக் கீழே போனால் ரத்தசோகை; பெண்ணுக்கு 12 வரை சரி. எனக்கு 'நார்மல்' என்று போட்டிருந்தது.