எவ்வளவு வீடு போதும்?

மனை விலை ஏறிவிட்ட இந்நாளில், பணியின் பொருட்டுக் கோவைக்கு வந்த நம் இளங்குடும்பங்களுள் சில, ஆயுட்காலக் கடன்பட்டுப் பெருவீடு கட்ட முனைகின்றன. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை நாம் பொன், பணம் ஆகியவற்றோடு மட்டும் சேர்த்து எண்ணிவிடுகிறோம். தத்துவார்த்த சூத்திரமோ அந்நோன்புக்குரிய குற்றங்களைக் கூறுமிடத்து நிலத்தையும் வீட்டையுமே முதற்கண் வைத்துள்ளது. ஆயின், ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு வீடு போதும்?

கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையில், செங்காயபன் என்னும் சமண முனிவர்க்குச் சேரர் வெட்டுவித்த கற்படுக்கைகளை இன்றும் காணலாம். ஒருவர் படுக்கும் அளவே ஒரு படுக்கை. அது துறவியின் அளவு. குழந்தைகளும் முதியோரும் கூடி வாழும் இல்லறத்தாரை அவ்வளவிற்குள் அடக்குதல் அறமாகாது. கோவை ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த லைன் வீடுகளில் சமையலும் உறக்கமும் ஓரறைக்குள் நடந்தன. அதை நோன்பு என்று கூறலாமா? விரும்பி ஏற்கும் சுருக்கமே நோன்பு. பிறர்மேல் சுமத்தும் சுருக்கம் கொடுமை.

சிறு வீடு நெருக்கடியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1961-62இல் அகமதாபாத்தில் அமைத்த 'குழாய் வீடு' சுமார் 12 அடி அகலமும் 60 அடி நீளமுமே கொண்டது. வரிசையாக ஒட்டிக் கட்டுதற்கு ஏற்றது. வெப்பக் காற்று சரிந்த கூரையை ஒட்டி மேலேறி முகட்டுத் திறப்பின் வழியே வெளியேற, கீழே புதுக்காற்று உட்புகும். உள்ளே தடுப்புகள் குறைவாதலால் பார்வை தடையின்றிச் செல்லும். அவ்வீடு 1995இல் இடிக்கப்பட்டது. ஆயினும் அதன் முறை நமக்குப் பயன்படும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசும் கோவையில், முன்வாயிலும் பின்வாயிலும் கிழக்கு மேற்காக நேரே அமைந்து, நடுவில் சிறு முற்றமும், மேற்கு வெயிலைத் தடுக்கத் தாழ்வாரமும் இருப்பின், 600 சதுர அடி வீடும் விசாலமாகவே தோன்றும்.

வரிசை வீடுகளில் அண்டை வீட்டார் இருவர்க்கும் ஒரே சுவர். செங்கல் குறையும், செலவும் குறையும், வெயில் படும் சுவர்ப்பரப்பும் குறையும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செங்கற்சூளைகளுக்காகச் செம்மண் தோண்டப்பட்ட பெருங்குழிகளை நாம் அறிவோம். 2021இல் அங்குள்ள சூளைகள் மூடப்பட்டன. நிலத்தையே உடம்பாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்று ஏற்கும் நமக்கு, தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு சுவரும் கொல்லாமை பற்றிய கேள்வியே ஆகும்.

ஆகவே, வீடு கட்டுமுன் வருவாயை அளவாகக் கொள்ளாது தேவையை அளவாகக் கொள்வோம். அவ்வளவைக் குடும்பத்தோடு கூடி முடிவு செய்து நோன்பாக ஏற்போம். எளியோர்க்கு வீடு அமைத்துத் தரும் வாய்ப்புடையோர், காற்றும் ஒளியும் குறையாமல் அமைத்துத் தருவாராக. தமக்கு வரையறுத்தலும் பிறர்க்கு வழங்குதலும் சேர்ந்ததே இவ்வறம். முத்தியையும் 'வீடு' என்றே நம் முன்னோர் வழங்கினர். விடுதலே அவ்வீட்டிற்கு வழி.