மறந்த சொல்லும் உடைமை வழக்கும்

ஒரு பொருளுக்கு உரியவன் யாவன் என்று வினவுவார்க்கு, அதனை ஈட்டியவன் என்றும், விலைகொடுத்துக் கொண்டவன் என்றும், முன்னோர்வழிப் பெற்றவன் என்றும் விடை கூறுதல் உலகவழக்கு. அப்பொருளைத் திறக்குஞ் சொல்லை அறிந்தவனே உரியவன் என்று கூறினாரை யாம் கண்டிலேம். ஆயினும் கணினிப் பூட்டுக்கள் அங்ஙனமே கொள்கின்றன. 1990-ஆம் ஆண்டுகளில் வெளிவந்து, இந்நாளிற் பழம்பொருள் விரும்புவாராற் பேணப்படும் மடிக்கணினிகள் இவ்வழக்கைத் தெளிவுறக் காட்டுதலின், அவற்றையே ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

ஐ.பி.எம். நிறுவனத்தார் 1992-இல் தொடங்கிய திங்க்பேட் வரிசையை நோக்குக. மின்விசையை இட்டவுடன் கேட்கப்படுஞ் சொல் ஒன்று. கருவியின் அமைப்புக்களை மாற்றும் உரிமையைக் காக்கும் மேற்பார்வைச் சொல் ஒன்று. வன்தட்டில் எழுதப்பட்டவற்றைக் காக்குஞ் சொல் மற்றொன்று. முதலாவது, நாணயம் போன்றதொரு சிறு மின்கலத்தால் நிலைபெறும் நினைவகத்தின்கண் உறைவது. அதனை மறந்தார்க்கு நிறுவனத்தாரின் பழுதுபார்ப்பு நூலே வழிகூறும். மேற்பார்வைச் சொல் இடப்படாதிருப்பின், கருவியை நிறுத்தி, பெரிய மின்கலத்தையும் சிறு மின்கலத்தையும் கழற்றிவிட்டு, வெளிமின்சாரத்தால் இயக்கித் தொடக்கச் சோதனை முடியுமளவும் காத்திருத்தல் வேண்டும். சொல் அழிந்துவிடும். அதனோடு கருவி தான் கணித்துவந்த நாளையும் நாழிகையையும் மறந்துவிடும். உடையவன் ஒன்றை மறந்தானாக, அவனுக்கு இணங்கிக் கருவி பலவற்றை மறக்கின்றது போலும்!

மேற்பார்வைச் சொல் அத்துணை இணக்கமுடையதன்று. மின்சாரமின்றியும் எழுத்தைக் காக்கவல்ல ஒரு சில்லில் அது பொறிக்கப்பட்டிருத்தலின், மின்கலங்களைக் கழற்றி நெடுநாள் வைத்திருப்பினும் அழியாது. இச்சொல்லைத் தம்மாலும் நீக்கவியலாது என்றும், தாய்ப்பலகையையே மாற்றல் வேண்டும் என்றும், அதற்கு விலைக்குக் கொண்டமைக்குச் சான்று காட்டல் வேண்டும் என்றும் நிறுவனத்தார் கையேட்டில் எழுதிவைத்தனர். கைவல்லார் சிலர், கருவி தொடங்கும் நொடியில் அச்சில்லின் இரண்டு கால்களை ஒன்றோடொன்று தொடுத்து உட்புகுவர். பிழைப்பின் பலகையே பாழாம்.

டோஷிபா நிறுவனத்தாரின் அக்காலக் கருவிகள் பலவற்றின் இயல்பு வேறு. அச்சுப்பொறியை இணைத்தற்குரிய இருபத்தைந்து துளைவாயிலில், குறித்த கால்கள் தம்முள் இணைக்கப்பட்ட ஒரு செருகியைப் பொருத்தி மின்விசையை இட்டால், காவற்சொல் நீங்கும். தொடக்க நிரல் இயற்றிய அவார்டு முதலிய நிறுவனத்தாரோ, எக்கருவியையுந் திறக்கும் பொதுச்சொற்களை வைத்திருந்தனர். அவை விரைவில் ஊரறிந்தனவாயின.

இவற்றுள் எது முறை? மறந்தார்க்கு வழிவைத்தவர் இரக்கமுடையார் என்பாரும், கள்வர்க்கு வழிவைத்தார் என்பாரும் உளர். அளவை நூலார் வகுத்த நெறியால் இதனை ஆராய்வாம். உரையளவை அளவையாவது, உரைப்போன் மெய்யுரைப்பவன் என்னுந் தெளிவு பற்றி. உரைப்போனைக் கொண்டே உரையைத் தெளிகின்றோம். பூட்டோ உரையைக் கொண்டு உரைப்போனைத் தெளிகின்றது. உரியவன் மறந்து நின்றால் அவனைக் கள்வன் என்றும், கள்வன் ஒட்டுக்கேட்டு வந்தால் அவனை உரியவன் என்றுங் கொள்வது இதனாலேயாம். அதற்குக் காட்சியும் இல்லை, கருதலும் இல்லை. ஆகவே, செருகிக்கு இணங்கும் கருவியும் எதற்கும் இணங்காக் கருவியும் அறியாமையால் ஒத்தனவே. முன்னது எல்லாரையும் நம்புகின்றது. பின்னது எவரையும் நம்பாது. பின்னதனை அறமுடையது எனப் பலர் புகழ்வர். யாம் அங்ஙனம் கருதுகிலேம். இழப்பு முழுவதையும் மறந்தவன் தலையில் ஏற்றுதல் எளியதேயன்றி நீதியன்று.

அறியவேண்டுவதைப் பூட்டு அறியாதாயின், அறியுங் கடன் திறப்பவன்பால் வருகின்றது. ஐ.பி.எம். நிறுவனத்தார் சான்று கேட்டது இதுபற்றியே போலும். ஆயின் முப்பதாண்டு கழிந்த கருவிக்கு விலைச்சீட்டு எவரிடம் உளது? அது விற்ற கடையும் இன்றில்லாதிருக்கலாம். அந்நிலையிற் கருதலளவையே துணையாம். இக்கருவி நும் கைக்கு எங்ஙனம் வந்தது, விற்றவர் யாவர், அவர் எழுதிய வரியேனும் உண்டோ, உள்ளே யாது இருக்கும் என்று வினவுதலும், விடைகள் தம்முள் முரணாமை நோக்குதலும் பழுதுபார்ப்பவன் கடன். ஒன்றும் வினவாது கூலி கொண்டு திறப்பவன், அறிவுடையனாய்ப் பிறந்தும், தன்னை அச்செருகியோடொத்த பொருளாக்கிக் கொள்கின்றான்.

இனி வன்தட்டின் சொல்லைப்பற்றி. இதனை மறந்தாற் சொல்லும் மீளாது, எழுதியனவும் மீளா என்பது கையேட்டின் கூற்று. பழங்கருவியை விலைக்குக் கொண்டார் இதனையும் உடைக்க முயல்வர். கருவி முழுவதும் எம்முடையதாயிற்று, அதனுள்ளவை மட்டும் எமக்கு ஆகாவோ என்பர். பெட்டியை விற்றவன் அதனுட் கிடந்த கடிதங்களையும் விற்றான் என்று கொள்ளுதல் யாங்ஙனம்? அழியாது விட்டமையே கொடுத்தமையாம் எனின், அற்றன்று. பழுதுற்று இயங்காத கருவியினின்று அழித்தல் அவனுக்கு இயன்றிராது. மேலும், அக்கடிதங்களை அவனுக்கு எழுதினார் பிறராவர். அவர் எவர்க்கும் எதனையும் விற்றிலர். தட்டைக் கழற்றி வேறொன்று பொருத்தினாற் கருவி நன்கு இயங்கும். பழைய தட்டை, விற்றவர் தெரியின் அவர்பாற் சேர்ப்பித்தலும், தெரியாதாயின் உடைத்தொழித்தலும் தகும்.

தந்தை இறந்தபின் அவருடைய கருவியைப் பெற்ற மகன் நிலை இதனின் வேறு. நிலபுலக் கணக்கும் கடன்வரவும் அதனுள் இருப்பின், அவற்றைத் தேடுதல் அவனுக்கு உரிமை மட்டுமன்று, கடனுமாம். ஆயினும் அக்கணக்குக்களோடு ஒரே தட்டில், தந்தை பிறரோடு கலந்த மறைமொழிகளும் எழுதப்பட்டிருக்கும். திறந்தால் இரண்டும் ஒருங்கே திறக்கும். எதனைப் படிப்பது, எதனைப் படியாது விடுவது என்பதை, அவ்விடத்துத் தனித்திருக்கும் மகனே துணிதல் வேண்டும்.