மனதுக்குப் பாதி வேலை

உடற்பயிற்சிகளிலேயே எது அதிகம் போரடிக்கும் என்று, ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருக்கும் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் டிரெட்மில் என்பார்கள். பெங்களூரை ஒட்டிய எங்கள் ஹெப்பகோடியில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. கீழே ஐயங்கார் பேக்கரி, மேலே ஜிம் என்று கட்டடத்துக்குக் கட்டடம் இருக்கிறது. மாடிக்குப் போகிறவர்களின் வேகமும் பேக்கரியில் நிற்பவர்களின் பொறுமையும் ஒரே ஆட்களிடம் இருப்பதைப் பார்க்கலாம்.

டிரெட்மில்லைக் குறை சொல்பவர்கள் பக்கம் சரித்திரம் இருக்கிறது. 1818 வாக்கில் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் இங்கிலாந்தின் சிறைகளுக்காக வடிவமைத்த சக்கரம்தான் அதன் மூதாதை. ராட்சதச் சக்கரம், அதன் விளிம்பெங்கும் படிகள். கைதிகள் வரிசையாக நின்று ஏறிக்கொண்டே இருப்பார்கள். கால் வைத்த படி கீழே போய்க்கொண்டே இருக்கும். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, சிலவற்றில் எதையும் அரைக்காமல் சும்மா சுற்றியது. பக்கத்தில் இருப்பவனோடு பேசிவிடக் கூடாதென்று நடுவே தடுப்புப் பலகை வைத்த சிறைகளும் உண்டு. அமெரிக்காவில் இதைக் கண்ட ஜேம்ஸ் ஹார்டி என்பவர் 1824இல் ஒரு புத்தகமே எழுதினார். கைதிகளை நடுங்க வைத்தது அதன் கடுமையைவிட மாறாத அதன் ஒரே சீர்தான் என்பது அவர் கண்ட உண்மை. 1895இல் தண்டனை பெற்ற ஆஸ்கர் வைல்டும் அதில் ஏறியவர். 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்குப் பிறகு அது வழக்கொழிந்தது. பிறகு 1960களின் கடைசியில், கென்னத் கூப்பர் எழுதிய ‘ஏரோபிக்ஸ்’ நூலைப் படித்துவிட்டு வில்லியம் ஸ்டாப் என்ற அமெரிக்கப் பொறியாளர் வீட்டில் வைத்துக்கொள்ளும் டிரெட்மில்லைச் செய்தார். தண்டனையாக ஒழிக்கப்பட்டது மாதத் தவணையில் திரும்பி வந்தது.

ஆனாலும், எங்கும் போய்ச் சேராமல் நடப்பதால்தான் டிரெட்மில் போரடிக்கிறது என்ற வழக்கமான விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஹெப்பகோடி ஏரியைச் சுற்றி விடிகாலையில் நடப்பவர்களும் எங்கும் போய்ச் சேர்வதில்லை. ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துபோன ஏரி அது. பயோகான் அறக்கட்டளை எடுத்துச் சீரமைத்த பிறகு மனிதர்கள் நடக்கிறார்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து, மறுபடி அதே சுற்றைப் போகிறார்கள். எதிரில் வருபவர், ‘வாக்கிங் ஆய்த்தா சார்?’ என்று கேட்டுக்கொண்டே போவார். நான் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார். இதில் யாரும் சலித்துப்போய் நின்று நான் பார்த்ததில்லை. முழங்கால் வலித்து நின்றிருக்கிறார்கள், மழைக்கு நின்றிருக்கிறார்கள்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? உடம்பு என்ன செய்கிறது என்பதில் தேடினால் அகப்படாது. அந்த நேரத்தில் மனதை எங்கே உட்கார வைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஏரிக்கரையில் கால் தானாகப் போகிறது. மனம் விடுதலையாகி வீட்டுக் கடன், பெண்ணின் பிளஸ் டூ, நேற்று மேனேஜர் சொன்ன சொல் என்று இஷ்டத்துக்கு மேய்கிறது. ஷட்டில் கோர்ட்டிலோ நேர் எதிர். இறகுப்பந்து எந்த மூலைக்கு வரும் என்று தெரியாததால் மனதுக்கு மூச்சுவிட நேரமில்லை. மணிக்கணக்கில் காசு கொடுத்து, இரவு பத்து மணிக்கும் கோர்ட் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா? ஒன்று மனதை முழுதாக விட்டுவிடுகிறது, மற்றது முழுதாகப் பிடித்துக்கொள்கிறது. டிரெட்மில் இரண்டுமற்ற ரகம். கால் தவறினால் விழுவோம் என்பதால் மனம் அங்கேயே நின்றாக வேண்டும். நின்று செய்வதற்கோ ஒன்றுமில்லை. பேருந்து எப்போது வரும் என்று தெரியாமல் நிறுத்தத்தில் நிற்பவன் நிலைமைதான் அப்போது மனதுக்கு. உட்காரவும் முடியாது, எங்காவது போய்விடவும் முடியாது. எதிரே சிவப்பு எழுத்தில் நிமிடமும் நொடியும் வேறு ஓடுகிறது.

இதே டிரெட்மில்லில் யாருக்கும் போரடிக்காத இடம் ஒன்று உண்டு. பொம்மசந்திராப் பக்கத்து மருத்துவமனைகளுக்கு டி.எம்.டி. சோதனைக்குப் போனவர்களைக் கேளுங்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஏற்றிவிடுவார்கள். பரவலாகப் பயன்படுவது சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963இல் வெளியிட்ட முறை: மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், பத்து சதவீதச் சரிவு என்று ஆரம்பித்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் ஏற்றிக்கொண்டே போவார்கள். பார்க்கச் சாதாரண நடைதான். ஆனால் திரையில் ஓடுவது சொந்த இதயத்தின் கோடு. அருகில் நிற்கும் டெக்னீஷியன் புருவத்தைச் சுருக்கினால் நமக்கு உயிர் போய்த் திரும்புகிறது. கருவி அதே கருவி, கால் அதே கால். பயம் வந்து மனதின் காலியிடத்தை நிரப்பிவிட்டது.

அந்தக் காலியிடத்தைப் பயமில்லாமல் நிரப்பத்தான் காதில் பாட்டை மாட்டிக்கொள்கிறோம். மிதமான வேகம்வரை பாட்டு நன்றாகவே வேலை செய்யும், களைப்பு குறைவாகத் தெரியும். மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடத் தொடங்கியதும் உடம்பின் சத்தம் பாட்டைவிட உரக்கக் கேட்கும், இளையராஜாவே வந்தாலும் காதில் ஏறாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் மில்க்மன் குழு 2014இல் ஒரு தந்திரத்தைச் சோதித்து வெளியிட்டது. விறுவிறுப்பான நாவல்களின் ஒலிப்புத்தகத்தை ஜிம்மில் மட்டுமே கேட்கலாம் என்று சிலருக்கு ஏற்பாடு. அடுத்து என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள ஜிம்முக்கு வந்தாக வேண்டும். தொடக்கத்தில் அவர்கள் வருகை மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகம். வாரங்கள் போகப்போக அது தேய்ந்தது. நவம்பர் விடுமுறை வந்து போனதும் கரைந்தே விட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றும் சுவாரஸ்யத்துக்கு ஆயுசு குறைவு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஸும்பாவைப் பற்றியும் என் எண்ணம் ஏறக்குறைய இதுதான், ஆனால் எங்கள் அடுக்ககத்தில் இதை உரக்கச் சொன்னால் தண்ணீர் கனெக்‌ஷனைத் துண்டித்துவிடுவார்கள்.

உள்ளேயிருந்தே நிரம்பும் பயிற்சிகளும் இருக்கின்றன. கர்லாக்கட்டையைத் தலைக்குப் பின்னால் சுற்றும்போது கவனம் சிதறினால் கட்டையே பிடரியில் ஞாபகப்படுத்தும். அங்கே சலிப்புக்கு இடமில்லை. யோகாசனம் இன்னும் விநோதம். அசையாமல் நிற்பதைவிடப் போரடிப்பது எது? ஆனால் கோலார் மாவட்டத்துப் பெல்லூரில் 1918இல் பிறந்து உலகத்துக்கே யோகா சொல்லிக்கொடுத்த பி.கே.எஸ். ஐயங்காரின் வழியில் வந்த ஆசிரியரிடம் திரிகோணாசனம் நின்று பாருங்கள். குதிகால் எங்கே ஊன்றியிருக்கிறது, முழங்கால் சில்லு மேலே இழுபட்டிருக்கிறதா, விலா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஆசிரியர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, உடம்பில் இத்தனை அறைகளா என்றிருக்கும். காணொளியைப் பார்த்துக் காலை அகட்டி நிற்பவனுக்கு அதே ஆசனத்தில் ஒரே ஒரு அறைதான், அதிலும் ஆளில்லை. ஆக, ஒரு பயிற்சி போரடிக்கும், இன்னொன்று போரடிக்காது என்று பட்டியல் போடுவது வீண்வேலை. யார், எவ்வளவு தெரிந்துகொண்டு செய்கிறார் என்பதைப் பொறுத்து அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். பிளாங்க் மட்டும் விதிவிலக்கு. அதில் நேரத்தைத் தவிர வேறெதுவுமே இல்லை. அதை ரசித்துச் செய்பவர்களை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

பயிற்சி என்ற பெயரே இல்லாத பயிற்சிக்கு வருவோம். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் நிறுவியவர்களில் ஒருவரான ஜெர்ரி மாரிஸ், லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் முடிவுகளை வெளியிட்டார். நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, நாளுக்கு நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது. (ஓட்டுநர்களுக்குத் தைத்த சீருடையின் இடுப்பளவே பெரிதாக இருந்ததைப் பின்னர் அவரே எடுத்துக்காட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், விஷயம் படியோடு முடிந்துவிடவில்லை.) அந்தக் கண்டக்டரிடம் படியேறுவது போரடிக்கிறதா என்று கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. மாடியில் டிக்கெட் எடுக்காத ஆள் உட்கார்ந்திருக்கிறான், சில்லறை இல்லை என்பான், அவனோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. ஏறுவது அவர் கணக்கிலேயே வராது.

இப்படி எழுதும்போது வழுக்கிவிடும் அபாயம் ஒன்று உண்டு: அந்தக் காலத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்தன, யாருக்கும் போரடிக்கவில்லை என்று ஆரம்பித்துவிடுவது. போரடித்தது. ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்த பெண்களிடம் அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். என் பக்கத்து வீட்டில் இருக்கும் பெண்மணி தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறார். நாள் முழுக்க நின்றபடி சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் பிசிறு, விட்டுப்போன தையல், பொத்தான் என்று தேடும் வேலை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஏரிப் பக்கம் வாங்களேன் என்று என் மனைவி கூப்பிட்டாள். ‘நாளெல்லாம் நின்னு நின்னு காலு வீங்கிப்போவுது. இதுல வாக்கிங் வேறயாக்கா?’ என்றுவிட்டார்.

இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழ் 2024இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. 2022ஆம் ஆண்டுக்கான அந்தக் கணக்கில் பெண்கள் 57 சதவீதம், ஆண்கள் 42. ஓய்வு நேரப் பயிற்சியை மட்டும் பார்த்த கணக்கல்ல அது. வேலை, வீட்டு வேலை, போக்குவரத்து எல்லாம் சேர்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் பக்கம் வருவார் என்று எனக்குத் தெரியவில்லை. அசையாமல் நிற்பது ஓய்வும் இல்லை, உழைப்பென்று இதயம் ஒத்துக்கொள்வதும் இல்லை. அவர் வேலையோ பாதிக் கவனத்துக்கு இலக்கணம். கண்ணை எடுக்கக் கூடாது, மனதுக்கோ ஒன்றும் கிடையாது. அந்த மனதை எட்டு மணி நேரம் கழித்து வெளியே விட்டால் அது ஏரியைச் சுற்றப் போகுமா?

அவரை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு காலி மனை. இரண்டு கம்பு நட்டு, பழைய வலை கட்டி, பெண்கள் த்ரோபால் ஆடுகிறார்கள். கர்நாடகத்தில் பள்ளிக்கூடம் போன பெண்களுக்கு த்ரோபால் தண்ணீர்பட்ட பாடு. தருமபுரிக்காரர் இங்கே வந்துதான் பழகினாராம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தைப் பிடித்த மறுகணம் வீசுகிறார். ‘ஹிடி, ஹிடி!’ என்று கன்னடத்தில் கத்துகிறார், பந்து வெளியே போனால் தமிழில் திட்டுகிறார். வீங்கும் கால் அதே கால்தான். காலுக்கு ஓய்வு வேண்டும் என்பதைவிட, மனதுக்குக் கொஞ்சம் கலகலப்பு வேண்டும் என்பதைத்தான் அன்றைக்கு ‘வாக்கிங் வேறயா’ என்று சொல்லியிருக்கிறார். சர்க்கரைக்கு நடை எழுதிக்கொடுக்கும் மருத்துவர்கள் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம்: உங்கள் வேலை உங்கள் மனதை என்ன செய்கிறது? முழுக் கவனத்தையும் பிழிந்தெடுக்கும் வேலைக்காரருக்கு ஏரி சரி. கணினி முன்னால் பத்து பேரின் கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிவிட்டு வருபவருக்கு மேயும் மனம் மருந்து. சட்டையைப் புரட்டிவிட்டு வருபவருக்குப் பந்து.

இதெல்லாம் தேர்ந்தெடுக்க முடிந்த பயிற்சிகளுக்கு. தேர்வே இல்லாத பயிற்சி ஒன்று எனக்கு வாய்த்திருக்கிறது. வலது தோளில் ஃப்ரோசன் ஷோல்டர். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் வருவது, சர்க்கரை இருப்பவர்களைக் கூடுதலாகத் தேடி வருவது. தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்து இறுகிவிடும். பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுப்பதே சர்க்கஸ். இதற்கு முக்கிய மருந்து, குனிந்து நின்று கையை ஊசல்போல் ஆட்டுவது, சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுவது. சலிப்புக்குப் போட்டி வைத்தால் டிரெட்மில் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. வலி இருப்பதால் மனம் வேறெங்கும் போக முடியாது, வலியைக் கவனிப்பதில் சுவாரஸ்யமும் கிடையாது. இந்தப் பயிற்சிகளைப் பாதியில் விடாதவர்களைக் காண்பதே அரிது என்கிறார் பிசியோதெரபி பார்க்கும் இளைஞர். நான் அவரை மதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இதை ஜாலியாகச் செய்யலாம் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. ‘போரடிக்கும் சார். நல்லா போரடிக்கும். மாசக்கணக்கா ஆகும்’ என்றார் முதல் நாளே.

அவர் சொல்லித்தந்தது ஒன்றுதான். விரல் எட்டிய உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதச் சொன்னார். மனதுக்கு அது ஒரு வேலை. இன்றைக்குக் கோட்டைத் தாண்டுமா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். சில நாள் ஒரு நூல் அளவு தாண்டும், சில வாரம் அங்கேயே நிற்கும், நின்றாலும் எதற்கோ நிற்கிறோம் என்றிருக்கும். போன மாதம் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தார். ‘மகு ஹைட்டா சார்?’ என்றார். பிள்ளையின் உயரம் இல்லை, என் கையின் உயரம் என்றேன். தோளைத் தட்டி அனுதாபப்பட்டார், அதுவும் வலது தோளை. பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, வீடு காலி பண்ணும்போது பெயிண்ட் செலவு அட்வான்ஸில்தான் பிடிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.