அவனுக்கும் ஒரு கதை உண்டு!

தன் கதையைத் தானே சொல்வது தற்பெருமை என்பர் சிலர். வயலில் உழைத்ததும், கடைத்தெருவில் கண்டதும், கடற்கரையில் கேட்டதும் கதையாகுமோ என்று கேலி பேசுவர். அவர்களைக் கேட்போம்: இதுவரை எவர் கதையைக் கேட்டு வந்தீர்கள்?

மன்னர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. கடவுளர்க்குப் புராணம் உண்டு. அவர்தம் பிறப்பும் பிணக்கும், மணமும் ஊடலும் விடிய விடியக் காலட்சேபமாக நடந்தன. வீட்டுச் செய்தி சிறிதெனின், இந்திரன் வீட்டுச் செய்தி மட்டும் எங்ஙனம் பெரிதாயிற்று?

மாமல்லபுரம் செல்வோர் கிருஷ்ண மண்டபத்தைக் காணட்டும். மலையைத் தூக்கி நிற்பவனை மட்டும் கண்டு திரும்ப வேண்டாம். அருகே ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நாவால் வருடுகிறது. தலையில் சுமையோடு ஒருத்தி நிற்கிறாள். மலை தூக்கியவனுக்கு ஆயிரம் பெயர்கள். கறப்பவனுக்கு ஒரு பெயரேனும் உண்டோ? உளி அவனுக்கு உருவம் தந்தது. ஏடு குரல் தரவில்லை. கல்லில் இடம் பெற்றவன் சொல்லில் இடம் பெறவில்லை!

செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அந்தக் குரலைத் தந்தார். 1893இல் 'பறையன்' என்றே பெயரிட்டு இதழ் தொடங்கிய துணிவாளர் அவர். 1939இல் வெளிவந்த அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்கம்' சிறு நூல். அதில் ஒரு சிறு நிகழ்ச்சி. கோவையில் பயின்ற நாளில், சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என அஞ்சிப் பள்ளிக்கு வெளியே எங்கோ படித்துக்கொண்டிருப்பாராம். மணி ஒலித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். வகுப்புக் கலைந்ததும் எவரும் உடன் வராதபடி விரைந்து வீடு சேர்வாராம்.

நாள்தோறும் பள்ளி மணியைக் கேட்கும் ஆசிரியன் நான். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மணி விளையாட்டின் முடிவு. அந்த ஒரு பிள்ளைக்கோ பாதுகாப்பின் தொடக்கம்! தீண்டாமையின் கொடுமையை நூறு சொற்பொழிவுகள் விளக்கலாம். இந்த மணியோசை போல் நெஞ்சைத் தாக்குமா? இதுவா தற்பெருமை? இது சாட்சியம்!

1929 பிப்ரவரியில் அதே செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப்பட்டம் வேண்டாமென்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பட்டம் உதிர்ந்தது, "எந்தத் தெரு?" என்னும் கேள்வி உதிர்ந்ததா?

'நேற்று எங்கள் வீட்டில்' என்று எழுதச் சொன்னால், கடலோரச் சிற்றூர்ச் சிறுமி ஒருத்தி, வலை வெறுமையாய்த் திரும்பிய நாளின் அடுப்பைப் பற்றி எழுதுகிறாள். பக்கத்தில் ஒருவன் வெற்றுத்தாளை நீட்டுகிறான். அவன் வீட்டில் ஒன்றும் நிகழவில்லையா? அன்று, நிகழ்ந்ததைச் சொன்னால் நகைப்பரோ என்ற அச்சம்!

அவனை வற்புறுத்தலாமா? கூடாது. அவன் கதை அவன் உடைமை. அதைப் பறிப்பதும் கொள்ளையே. கேட்டுக் கண்ணீர் வடித்துவிட்டுப் பழைய திண்ணைக்கே திரும்புவதும் அறமாகாது. சொல்ல அஞ்சுபவன் குற்றவாளி அல்லன். அஞ்ச வைக்கும் அவையே குற்றவாளி. கடைசி வரிசைப் பிள்ளை தன் வீட்டுச் செய்தியைத் தலைநிமிர்ந்து சொல்ல முடிகிறதா என்பதே சமத்துவத்தின் அளவுகோல்.

எழுதட்டும் எளியோர், தத்தம் கதையை! அதைக் கேட்கும் தகுதியை முதலில் நாம் பெறுவோம்!