மாறுகிறவன் யார்?

நேற்றுத் தவறிழைத்தவனும் இன்று அதற்காக மனம் வருந்துகிறவனும் ஒரே மனிதனா, அல்லது பெயரை மட்டும் பொதுவாகக் கொண்ட இருவரா என்னும் வினா, பாரத தேசத்துத் தரிசனங்கள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு கட்டத்தில் எதிர்கொண்டே தீரவேண்டியிருந்த பழைய வினா. ஒருவனே என்று சொன்னால், மாறாமல் இருப்பவன் எவ்வாறு திருந்தினான் என்ற ஆட்சேபம் எழுகிறது. இருவர் என்று சொன்னால், ஒருவன் செய்த வினையை மற்றொருவன் அனுபவிப்பது எந்த நியாயத்தில் சேரும் என்ற ஆட்சேபம் எழுகிறது. இத்தனை நுட்பமான விவகாரத்துக்குக் கணிப்பொறித் திரையில் நிறம் நிரப்பும் தொழிலிலிருந்து திருஷ்டாந்தம் தேடுவது விபரீதமாகத் தோன்றலாம். ஆயினும், மாற்றம் என்பதைக் கண்முன் நிறுத்தி, அதன் அவயவங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவதற்கு அதைவிடத் தக்க சாதனம் வேறொன்றை நான் அறியேன்.

2006ஆம் ஆண்டு நவம்பரில் டாட்நெட் 3.0 தொகுப்போடு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் பிரசன்டேஷன் ஃபவுண்டேஷன், மேசைக் கணினியின் ஜன்னல்களையும் பொத்தான்களையும் படங்களையும் அமைப்பதற்கு உதவும் ஒரு நிரல் நூலகம். அதில் ஒரு செவ்வகத்தை நிறத்தால் நிரப்ப விரும்பும் நிரலாளர், அந்தச் செவ்வகத்திடம் ஒரு பிரஷ்ஷை ஒப்படைக்கிறார். அது லீனியர் கிரேடியன்ட் பிரஷ்ஷாக இருந்தால், ஒரு நிறத்திலிருந்து மற்றொரு நிறத்துக்குப் படிப்படியாகச் செல்லும் சாய்வு கிடைக்கும். அதற்காக அவர் சொல்ல வேண்டியது மிகவும் சொற்பம்: சாய்வின் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதும், 0 முதல் 1 வரை அளக்கப்படும் அந்தக் கோட்டில் எந்த இடத்தில் எந்த நிறம் நிற்க வேண்டும் என்பதுமே. இவ்வாறு நிறுத்தப்படும் நிறங்களுக்கு ஸ்டாப் என்று பெயர். 0இல் சிவப்பு, 1இல் மஞ்சள் என்று இரண்டு ஸ்டாப்புகளை வைத்துவிட்டால், இடையிலுள்ள செம்மஞ்சள் வகைகள் அனைத்தும் தாமே தோன்றுகின்றன. அவற்றை எவரும் எழுதி வைக்கவில்லை, பிரஷ்ஷும் அவற்றைச் சேமித்து வைத்திருப்பதில்லை.

இப்போது அந்தச் செவ்வகத்தில் மாற்றம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். திரையின் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகள் உண்டு. வழக்கமான திரையில் ஒவ்வோர் அளவும் 0 முதல் 255 வரையுள்ள ஏதேனும் ஒரு முழு எண். சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போகும் சாய்வில் பச்சையின் அளவு மட்டுமே ஏறுகிறது. ஆகவே 1,024 பிக்ஸல் அகலமுள்ள செவ்வகத்தில் ஏறக்குறைய நான்கு பிக்ஸலுக்கு ஒருமுறை அந்த எண் ஒன்று கூடுகிறது. எந்தப் பிக்ஸலை எடுத்துச் சோதித்தாலும் அது தன் நிறத்தில் ஸ்திரமாக நிற்கிறதேயன்றி, மாறிக்கொண்டிருக்கும் பிக்ஸல் என்று ஒன்றைக் காண முடிவதில்லை. பௌத்தர்களின் க்ஷணிகவாதம் சொல்வதும் ஏறக்குறைய இதுவே: ஒவ்வொரு க்ஷணத்திலும் இருப்பது அந்த க்ஷணத்துக்கே உரியது, ஒன்றாய் நீடிக்கும் வஸ்து எதுவும் இல்லை, தொடர்ச்சி என்பது வரிசையின்மேல் நாம் சூட்டும் பெயர்.

இதை மறுக்க வந்த சங்கரர், பிரம்மசூத்திர பாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயத்தில், நினைவை முன்னிறுத்தி வாதிக்கிறார். அன்று கண்டவனும் இன்று நினைப்பவனும் ஒருவனாக இல்லாவிட்டால், 'நான் அன்று கண்டதையே இன்று நினைக்கிறேன்' என்ற அனுபவம் எவருக்கும் உண்டாகாது. வரிசையை வரிசை என்று அறிவதற்கே அதன் எல்லா உறுப்புகளையும் கடந்து நிற்கும் ஒரு சாட்சி வேண்டும். பிக்ஸல்களில் இல்லாத சாய்வு காண்பவனுக்கு அல்லவா புலப்படுகிறது என்று இந்த வாதத்தை நம் செவ்வகத்துக்கும் பொருத்தலாம். ஆனால் காண்பவனின் கண்ணிலேயே சாய்வு இருக்கிறது என்று தீர்ப்பளிக்கவும் தயக்கம் வருகிறது. ஏனெனில், ஒரே சீரான நிறப்பரப்பு முடிந்து சாய்வு தொடங்கும் இடத்தில், உண்மையில் இல்லாத ஒளிக்கோட்டையோ இருட்கோட்டையோ நம் கண் காண்கிறது என்பதை எர்ன்ஸ்ட் மாக் என்னும் ஆஸ்திரிய விஞ்ஞானி 1865இலேயே எடுத்துக்காட்டினார். இல்லாததையும் சேர்த்துக் காட்டும் கண், உள்ளதற்குப் பிரமாணம் ஆவது எங்ஙனம்?

பிக்ஸலிலும் இல்லை, கண்ணிலும் இல்லை என்றால், எஞ்சியிருப்பது பிரஷ் ஒன்றே. கோட்டின் மொத்தத் தூரத்தில் எந்த விகிதம் கடந்தாயிற்றோ, அதே விகிதத்தை இரு நிறங்களின் வேறுபாட்டிலும் எடுத்து, முதல் நிறத்தோடு கூட்டிக்கொள் என்னும் ஒரு விதியே அதனுள் இருக்கிறது. இரண்டு முனைகளைச் சொல்லிவிட்டால் நடு தானாகவே நிச்சயமாகிவிடும் என்று நினைப்பதும் சரியன்று. முழுச் சிவப்புக்கும் முழுப் பச்சைக்கும் நடுவிலுள்ள நிறத்தை, திரைக்கென்று வகுத்த எண்களின் சராசரியாகக் கணக்கிட்டால், சிவப்பு 128, பச்சை 128 என்று மங்கிய, சேறு கலந்தாற்போன்ற நிறம் கிடைக்கிறது. ஒளியின் உண்மையான அளவுகளைச் சராசரி கண்டால், இரண்டும் 188 ஆகித் தெளிந்த மஞ்சள் கிடைக்கிறது. இவ்விரண்டில் எந்த முறை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி அந்த நூலகத்திலேயே உண்டு. முனைகள் ஒன்றாகவே இருக்க, விதி வேறானால் வழி முழுவதும் வேறாகிவிடுகிறது. ஆகவே, இந்தச் சாய்வை இந்தச் சாய்வாக ஆக்குவது அதன் துணுக்குகளும் அல்ல, முனைகளும் அல்ல, அவற்றைக் கோக்கும் விதியே.

இந்த விளக்கத்தின் துணையோடு மிலிந்த பஞ்ஹம் என்னும் பௌத்த நூலில் வரும் ஒரு வழக்கைப் பார்க்கலாம். யவன அரசனாகிய மிலிந்தன், நீடித்து நிற்கும் ஆன்மா இல்லையென்றால் வினைப்பயன் எவனைச் சேரும் என்று கேட்க, பௌத்தத் துறவி நாகசேனர் ஒரு மாங்காய்த் திருடனைச் சாட்சிக்கு அழைக்கிறார். தோட்டக்காரன் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த மாங்கனி வேறு, ஆகையால் நான் திருடனல்லன் என்று அவன் வாதித்தால், அரசன் அவனை விட்டுவிடுவானா? விடமாட்டான் என்று மிலிந்தனே ஒப்புக்கொள்கிறான். கொட்டையும் கனியும் ஒரே வஸ்து அல்ல. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வந்த கிரமம் அறுபடவில்லை. சங்கரர் கேட்ட சாட்சியை இந்த விடை அளிக்கவில்லை என்பது மெய். எனினும் பொறுப்பைச் சுமத்துவதற்குக் கிரமத்தின் தொடர்பே போதுமானது.

இங்கே ஓர் எதிர்வாதத்தை மறைத்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. கொட்டையிலிருந்து செடி, செடியிலிருந்து மரம் என்று ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கிறது. சாய்விலோ ஒரு பிக்ஸல் தன் அண்டைப் பிக்ஸலைப் பிறப்பிப்பதில்லை. வரைகலைச் செயலி ஒவ்வொன்றையும் தனித்தனியே, ஏககாலத்தில்கூட, விதியிலிருந்து கணக்கிட்டுவிடுகிறது. எல்லாம் முன்னரே நிர்ணயமாகிவிட்டது, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று போதித்த ஆஜீவகத் தலைவர் மக்கலி கோசாலர் இதைக் கண்டிருந்தால், தம் நியதிவாதத்துக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை என்று மகிழ்ந்திருப்பார். ஆனால் அந்த நூலகத்தில் பிரஷ்கள் இரு நிலைகளில் இருக்கலாம். ஃப்ரீஸ் என்ற கட்டளைக்கு உட்பட்ட பிரஷ் உறைந்துவிடும். அதன் ஸ்டாப்பை நகர்த்த முயன்றால் பிழை என்று நிரல் மறுத்துவிடும். உறையாத பிரஷ்ஷிலோ, நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்டாப்பின் நிறத்தை மாற்றலாம், புதிய ஸ்டாப்பை நடுவில் சேர்க்கலாம். விதி அந்தப் புதிய ஸ்டாப்பையும் அனுசரித்து மறுபடியும் பரப்பை நிரப்பிவிடுகிறது. கோசாலர் மனிதனை உறைந்த பிரஷ்ஷாகக் கண்டார். புத்தரும் மகாவீரரும் உறையாத பிரஷ்ஷாகக் கண்டார்கள். நியதிவாதத்தை அவர்கள் இருவரும் அத்தனை கடுமையாகக் கண்டித்ததன் காரணம் இதுவே. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: பிரஷ்ஷில் கடந்துபோன பகுதியின் நிறத்தையும் மாற்றிவிடலாம், மனிதன் தனக்கு முன்னால் உள்ள தூரத்தில் மட்டுமே புதிய நிறத்தை நிறுத்த முடியும்.

திடீரென்று திருந்துகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? ஒரே இடத்தில் இரண்டு ஸ்டாப்புகளை வைத்தால், இடைப்பட்ட நிறம் எதுவுமின்றி, ஒரு பக்கம் முழுச் சிவப்பும் மறுபக்கம் முழு வெள்ளையுமாகச் செவ்வகம் பிளவுபட்டுத் தோன்றும். விரல்களை மாலையாக அணிந்து கொலைத்தொழில் புரிந்த அங்குலிமாலன், புத்தரைச் சந்தித்துப் பிக்ஷுவானது இத்தகைய மாற்றம். மஜ்ஜிம நிகாயத்தில் அவன் பெயராலேயே வழங்கும் சூத்திரத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. சிராவஸ்தியில் பிரசவ வேதனைப்படும் பெண்ணொருத்திக்காக, பிறந்தது முதல் அறிந்து எவ்வுயிரையும் கொன்றதில்லை என்று சத்தியம் சொல்லுமாறு புத்தர் பணிக்கிறார். அது பொய்யாகிவிடுமே என்று அவன் தயங்க, ஆரியப் பிறவி, அதாவது துறவு வாழ்வு, எடுத்தது முதல் என்று சொல்லும்படி திருத்துகிறார். அந்தச் சத்தியத்தால் தாயும் சேயும் நலம் பெறுகிறார்கள். பின்னர் ஒருநாள், பிக்ஷைக்குச் சென்ற அவன்மேல் கல்லும் தடியும் விழ, தலையில் குருதி வடியத் திரும்பி வந்தவனிடம், நரகத்தில் நெடுங்காலம் அனுபவிக்க வேண்டிய வினைப்பயனை இங்கேயே அனுபவிக்கிறாய், பொறுத்துக்கொள் என்கிறார் அதே புத்தர். புதிய பிறவி மெய்யென்று ஒப்புக்கொண்ட அவர், பழைய கணக்கைத் தள்ளுபடி செய்யவில்லை. பிளவுபட்ட செவ்வகத்திலும் பிரஷ் ஒன்றே அன்றோ!

ஆகவே, மாறுகிறவன் யார் என்ற வினாவுக்கு என் விடை இது: அவன் தன் க்ஷணங்களில் எதுவும் அல்லன், அவற்றின் கூட்டமும் அல்லன், ஒரு க்ஷணத்தை அடுத்ததோடு இணைப்பதும், புதிய நிலைகளை ஏற்றுக்கொள்ளக்கூடியதுமான அந்த ஒழுங்கே அவன். 'அன்றிருந்தவன் நானல்லேன்' என்று கைகழுவுவதற்கு அவனுக்கு உரிமையில்லை; 'நீ என்றும் அன்றிருந்தவனே' என்று முத்திரை குத்துவதற்கு நமக்கும் உரிமையில்லை. திருந்தியவனிடம் பழைய கடனைக் கேட்பது தர்மம். திருந்த முடியாதவன் என்று அவனை உறையவைப்பது அதர்மம்.